முக்காடு

டாக்டர் மெர்லினுக்கு அந்தக் கைஸ்கேனைக் கண்டாலே ஆகாது. அதற்கும் அவளைக் கண்டால் ஆகாது என்று அவசர சிகிச்சைப் பிரிவில் சொல்லிச் சிரிப்பார்கள். பெரிய சோப்புக்கட்டி அளவு இருக்கும். ஜெல்லைத் தடவி வயிற்றில் வைத்தால், உள்ளே நடப்பது கட்டிலின் தலைமாட்டுத் திரையில் படமாக ஓடும். படம் காட்டுவதோடு நிறுத்தியிருந்தால் மெர்லின் அதைக் கும்பிட்டிருப்பாள். அது தீர்ப்பும் சொன்னது. சிவப்பு வந்தால் ஆபரேஷன் தியேட்டர் கதவு திறக்கும், ரத்த வங்கியிலிருந்து ரத்தம் வரும், மயக்க மருந்து டாக்டரின் போன் அலறும். பச்சை வந்தால் மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்ப வேண்டும். டாக்டருக்கு என்ன வேலை என்று கேட்டால், ஜெல் தடவுகிற வேலை.

திரையைச் சொந்தக்காரர்களும் பார்க்கும்படி வைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. டாக்டர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்று ஊர் ஊராக அடிதடி நடந்து, சில மண்டைகள் உடைந்த பிறகு அப்படி ஓர் உத்தரவு வந்தது. அன்றிலிருந்து நோயாளியின் வயிறு வார்டுக்கே பொதுவாகிவிட்டது.

முக்காடு வந்தது சட்டத்தால். வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று யாரும் பார்த்துச் சொல்லிவிடக் கூடாது அல்லவா? இப்படிக் கைக்குக் கை புழங்குகிற ஸ்கேனை யார் காவல் காப்பது? அதனால் கருவியே காவலும் காக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். கர்ப்பம் என்று தெரிந்த மறுநொடி அது அடிவயிற்றுப் படத்தின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு திரையை இழுத்துவிடும். நல்ல எண்ணந்தான். ஆனால் சாம்பலுக்கு அர்த்தம் தெரியாதவர்கள் ஊரில் ஒருவரும் இல்லை. என்ன குழந்தை என்பதை மறைத்துவிட்டு, குழந்தை உண்டு என்பதை அது தண்டோரா போட்டது. கல்யாணமான பெண்ணுக்கு முக்காடு விழுந்தால் கூட வந்தவர்கள் நர்சுகளுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுப்பார்கள். கல்யாணமாகாத ஒருத்திக்குப் போன வருடம் விழுந்தது. மெர்லின் அவளைப் பிழைக்க வைத்து, தையல் பிரித்து அனுப்பினாள். மறுவாரம் அவள் பிணவறைக்கு வந்தாள். வயிற்றுவலி தாங்காமல் மருந்தைக் குடித்துவிட்டாள் என்று அவளுடைய அப்பா சொன்னார். கண்ணில் ஒரு சொட்டு ஈரமில்லாமல் சொன்னார்.

சஷ்மிதாவைக் கொண்டுவந்தபோது ஞாயிற்றுக்கிழமை மதியம். கோடை. கல்லூரி முடித்துவிட்டுக் கல்யாணமாகாமல் வீட்டிலிருக்கும் பெண், சுடிதாரெல்லாம் வேர்வை. அண்ணன் செல்லப்பாண்டி தூக்கிக்கொண்டு வந்தான். ஜேசிபி வண்டிகள் வைத்து ஓட்டுகிறவன், வார்டுக்குள்ளும் வண்டியை விட்டு இறங்காதவன் மாதிரி நடந்தான். பின்னாலேயே அவன் மனைவி அபிநயா, கையில் போனும் கைப்பையுமாக. கட்டிலில் போட்டதும் முதலில் பேசியவள் அவள்தான்.

"அவளுக்கு மாசாமாசம் இப்பிடித்தான் வரும். ஒரு ஊசியப் போட்டு அனுப்புங்க. மெஷினெல்லாம் வேணாம்."

மெர்லினுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பெண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் சுண்ணாம்பு. நாடி ஓடுகிறது. இவள் ஊசி என்கிறாள். வைத்தியம் பார்ப்பது நானா நீங்களா என்று கேட்டுவிட்டு மெர்லின் ஜெல்லை எடுத்தாள். அபிநயா புருஷனிடம் திரும்பி, "ஏங்க, நீங்க போயி இளநி வாங்கிட்டு வாங்க" என்றாள். அவன் நகரவில்லை. நாத்தனார் சாகக் கிடக்கும்போது இளநீர் கேட்கிற ஜென்மம் என்று மெர்லின் மனதுக்குள் திட்டினாள்.

எங்கே வலிக்கிறது என்று கேட்டதற்குச் சஷ்மிதா வயிற்றைக் காட்டினாள். பிறகு, "தோள்பட்டையும் வலிக்குது" என்றாள். மெர்லினுக்கு அது போதும். வயிற்றுக்குள் ரத்தம் கொட்டினால் அது மேலே ஏறிக் குத்தும்போது வலி தோளில் தெரியும். கருவி இல்லாத காலத்திலேயே டாக்டர்கள் இதைத் தெரிந்து வைத்திருந்தார்கள். வலது விலா இடுக்கில் கைஸ்கேனை வைத்தாள். கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவில் கறுப்பாக ஒரு பட்டை, ரத்தம். சிவப்பு விளக்கு எரிந்தது. எங்கிருந்து கசிகிறது என்று பார்க்க, தொப்புளுக்குக் கீழே நகர்த்தினாள்.

திரையில் சாம்பல் விழுந்தது.

பக்கத்துக் கட்டில்காரர்கள்கூடப் பேச்சை நிறுத்தினார்கள். செல்லப்பாண்டி திரையைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான், மறுபடியும் திரையைப் பார்த்தான். கத்தவில்லை. கத்தியிருந்தால் மெர்லினுக்குப் பயம் குறைவாக இருந்திருக்கும். அந்த நேரம் பார்த்து அபிநயாவின் போன் ஒரு தடவை துடித்தது. அவள் எடுத்துப் பார்த்து, விரலால் ஏதோ தட்டிவிட்டுக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். இப்போதும் போனா என்று மெர்லின் பல்லைக் கடித்தாள்.

தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது சஷ்மிதா மெர்லினின் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"அண்ணங்கிட்ட சொல்லிறாதீங்க. என்னைய விடமாட்டாங்க."

வயிற்றைத் திறந்தபோது எல்லாம் தெளிவாக இருந்தது. கரு, கருப்பையில் தங்காமல் குழாயில் தங்கி, குழாயை வெடிக்க வைத்திருக்கிறது. முக்காட்டுக்குப் பின்னால் கருவி பார்த்தது சரிதான். அதுதான் மெர்லினுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. வெடித்த குழாயைக் கட்டி எடுத்தாள், ரத்தத்தை உறிஞ்சினாள், பெண் பிழைத்துவிட்டாள். வெட்டி எடுத்ததை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். மெர்லின் அனுப்பவில்லை. கழிவு வாளியில் போடச் சொன்னாள். ஞானம் சிஸ்டர் ஒரு கேள்வி கேட்காமல் போட்டார். போன வருடத்துப் பெண்ணுக்குத் தையல் பிரித்தபோது பக்கத்தில் நின்றவரும் அவர்தான்.

வெளியே செல்லப்பாண்டி சுவரில் சாயாமல் நின்றுகொண்டிருந்தான். பிழைத்துவிட்டாள் என்று சொன்னதை அவன் காதில் வாங்கிக்கொண்ட மாதிரி தெரியவில்லை. சினைப்பையில் கட்டி, அது உடைந்து ரத்தம், கர்ப்பமெல்லாம் இல்லை, மெஷின் தப்பாக முக்காடு போட்டுவிட்டது என்று மெர்லின் அடுக்கினாள். அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சிரித்தான்.

"மெஷின் பொய் சொல்லுமா?"

"தப்பு பண்ணும்."

"அப்ப அந்த மெஷினுக்கே சொல்லுங்க. எங்க கண்ணு முன்னாடி சொல்லுங்க. வார்டே பாத்துருச்சு, வார்டே கேக்கட்டும்."

அவன் கேட்டது நடக்கக்கூடிய காரியந்தான். கருவி தப்பு செய்தால் டாக்டர் திருத்தலாம், பேசினால் போதும். மெர்லின் வார்டுக்குப் போய் அதைக் கையில் எடுத்துக் கட்டைவிரலைப் பதித்தாள். அவ்வளவு பேர் சுற்றி நிற்க, நல்ல உரத்த குரலில், "சினைப்பை நீர்க்கட்டி உடைந்து கசிந்துள்ளது. கர்ப்பம் இல்லை. வயிற்றைத் திறந்து கண்ணால் பார்த்தேன்" என்றாள்.

திரையிலிருந்த சாம்பல் விலகியது. கருவி பெண் குரலில், கிண்டர்கார்டன் டீச்சர் மாதிரிப் பதில் சொன்னது.

"நன்றி டாக்டர். கற்றுக்கொண்டேன்."

செல்லப்பாண்டியின் தோள் இறங்கியது. நல்ல வேளை, ஒரு பாவத்திலிருந்து தப்பித்தேன் என்று வாய்விட்டே சொன்னான். என்ன பாவம் என்று யாரும் கேட்கவில்லை. கூட்டத்துக்குப் பின்னால் நின்ற அபிநயா மட்டும் மெர்லினை எரித்துவிடுவது போலப் பார்த்தாள். நாத்தனார் மாட்டிக்கொள்ளவில்லை என்று வயிறு எரிகிறாள் என்று மெர்லின் நினைத்தாள்.

மறுநாள் கண்காணிப்பாளர் தனபாலன் கூப்பிட்டனுப்பினார். ஓய்வு பெறக் காத்திருக்கிற மனிதர், எந்தப் பக்கம் காற்றடித்தாலும் ஜன்னலைச் சாத்திவிடுகிறவர். மெர்லினுக்கு அவரை மதிக்க வேண்டிய அவசியம் ஒருநாளும் ஏற்பட்டதில்லை. ஆய்வகத்துக்கு எதுவும் வரவில்லையாமே என்று கேட்டார். அனுப்ப ஒன்றுமில்லை என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, அவளுக்குப் பாதி தெரிந்திருந்ததை முழுதாகச் சொன்னார்.

மாநிலத்தில் எத்தனை கைஸ்கேன் இருந்தாலும் மூளை ஒன்றுதான். ஓரிடத்தில் ஒன்று கற்றுக்கொண்டால் எல்லாம் கற்றுக்கொண்ட மாதிரி. சாதாரணமாக ஒரு டாக்டர் திருத்தினால் அது உடனே நம்பாது, இன்னும் பத்துப் பேர் அதையே சொல்கிறார்களா என்று பார்க்கும். ஆனால் அறுவை செய்தவர் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னால் அதற்குமேல் அதற்குச் சாட்சி இல்லை. அதுவும் இப்போதெல்லாம் யாரும் திருத்துவதே கிடையாது, திருத்தினால் மேலிடத்தில் விளக்கம் கேட்கிறார்கள் என்று பயம்.

"அதனால நீங்க சொன்னது அதுக்கு வேதவாக்கு மாதிரி. இனிமே அந்த மாதிரிப் படம் எங்க வந்தாலும் கட்டின்னுதான் சொல்லும். பச்சை காட்டும். உண்மையா இருந்தா சரி. இல்லேன்னா இப்பவே மாத்திருங்க."

"மாத்துனா?"

"புது ரிப்போர்ட் அவங்க குடும்ப எண்ணுக்குப் போகும். அத நான் தடுக்க முடியாது."

குடும்ப எண் என்றதும் செல்லப்பாண்டியின் சட்டைப்பைதான் மெர்லினின் கண்ணில் வந்தது. அந்தப் பையில் ஒரு போன் துடிப்பதையும், அதற்குப் பிறகு நடப்பதையும் அவளால் பார்க்க முடிந்தது. இங்கே ஒரு பெண் பெயரோடும் முகத்தோடும் படுத்திருக்கிறாள். இன்னொரு பக்கம் யாரென்றே தெரியாத யாரோ. மெர்லினுக்கு அந்தக் கணக்கு சுலபமாக இருந்தது.

"மத்த ஊர் டாக்டருங்களுக்குக் கண்ணு இல்லையா சார்?"

"இருந்துச்சு" என்றார் தனபாலன்.

அந்த ஒரு வார்த்தைக்காக அவரை அவள் மாதக்கணக்கில் வெறுத்தாள். வெறுப்பதில் மெர்லினுக்குச் சலிப்பே வராது. கருவியை வெறுத்தாள், தனபாலனை வெறுத்தாள், அந்த அண்ணனை வெறுத்தாள், அவனைவிட அந்த அண்ணியை வெறுத்தாள். தையல் பிரிக்க வந்தபோதும் அபிநயாதான் கூட வந்தாள். மெர்லின் அவளை வெளியே நிற்க வைத்துவிட்டுச் சஷ்மிதாவிடம் மட்டும் பேசினாள். ஒரு வார்த்தைகூட அந்த அண்ணியிடம் பேசவில்லை. வயிற்றில் குழாய் வெடித்த பெண்கள் இடையில் இரண்டு பேர் வந்தார்கள். இரண்டு பேருக்கும் ரத்தம் அவ்வளவு கொட்டியிருந்ததால் கருவி சிவப்புத்தான் காட்டியது. பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லை என்று மெர்லின் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மழைக்காலம் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில், சொட்டச் சொட்ட நனைந்த ஆட்டோவிலிருந்து செல்லப்பாண்டி இறங்கினான். இந்தத் தடவை கையில் தூக்கி வந்தது அபிநயாவை.

அவளைப் பார்த்ததும் மெர்லினின் முகம் இறுகியது. ஆனால் கை தன் வேலையைச் செய்தது. கீழ் இமை வெளுப்பு. நாடி வேகம். நாள் தள்ளிப்போயிருக்கிறதா என்று கேட்டாள். இந்த மாதம் தள்ளியிருக்கிறது என்றாள் அபிநயா. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் முதல் தடவை, இன்னும் ஒருத்தரிடமும் சொல்லவில்லை, நிச்சயமாகட்டும் என்று இருந்தேன் என்றாள். பிறகு கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, "தோள்ல குத்துது" என்றாள்.

மெர்லின் கைஸ்கேனை வைத்தாள். விலா இடுக்கில் மெல்லிய கறுப்புக் கோடு. கீழே நகர்த்தினாள். சாம்பல் விழவில்லை. திரையில் எழுத்து வந்தது.

சினைப்பை நீர்க்கட்டி உடைந்து கசிந்துள்ளது. கர்ப்பம் இல்லை.

பச்சை விளக்கு எரிந்தது. அவளுடைய வாக்கியம். சொல் மாறாமல், வரிசை மாறாமல் அவளுடைய வாக்கியமேதான். மெர்லின் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

செல்லப்பாண்டிக்கு நிம்மதி. எந்தங்கச்சிக்கு வந்த அதே கட்டிதான, ஊசியப் போட்டு அனுப்புங்க என்றான். இல்லை, உடனே வயிற்றைத் திறக்க வேண்டும் என்று மெர்லின் சொன்னதும் அவன் முகம் மாறியது. பச்சை எரிகிறபோது கத்தி எதற்கு? அன்றைக்கும் மெஷினோடு மல்லுக்கு நின்றீர்கள், இன்றைக்கும் நிற்கிறீர்கள். ஆள் கிடைத்தால் அறுத்துப் பழக வேண்டும் என்று ஏதாவது கணக்கு இருக்கிறதா? வார்டில் சிலர் ஆமாம் போட்டார்கள். ஒருவர் போனை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கினார்.

சிறுநீரில் தோய்த்துப் பார்க்கிற கர்ப்பப் பட்டையை, கருவி வந்த பிறகு ஆஸ்பத்திரி வாங்குவதே இல்லை. ஞானம் சிஸ்டர் மழையில் ஓடிப்போய் எதிர் மெடிக்கலில் வாங்கி வந்தார். இரண்டு கோடு, பளிச்சென்று. ஆனால் அதைக் கருவியிடம் எந்தக் கண்ணில் காட்டுவது? மெர்லின் மறுப்புப் பொத்தானை அழுத்தினாள். வயிற்றைத் திறந்து பார்க்காமல் மறுப்பதானால் இன்னொரு டாக்டரின் கட்டைவிரலும் வேண்டும் என்றது. இன்னொரு சர்ஜன் முகாமுக்குப் போயிருந்தார். தனபாலனுக்குப் போன் போட்டாள்.

"ரெண்டு கோடுன்னா கர்ப்பம் உண்டு, சரி. அது எங்க இருக்குன்னு கோடு சொல்லாதுல்ல" என்றார் அவர். "பச்சைக்கு எதிரா நான் விரல் வைக்க மாட்டேன் டாக்டர். அந்த மெஷின் சுயமா எதையும் சொல்லல. நீங்க சொல்லிக் குடுத்ததைத்தான் சொல்லுது."

வைத்துவிட்டார். அவள் சொன்னது பொய் என்று அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டு ஜன்னலைச் சாத்தியிருக்கிறார். மெர்லினுக்கு அவரைத் திட்ட வாய் வரவில்லை.

ஒரே வழிதான் இருந்தது. அன்றைக்குச் சொன்னது பொய் என்று இன்றைக்குச் சொல்ல வேண்டும். சொன்னால் கருவி பழையபடி பார்க்கும், தியேட்டர் திறக்கும். கூடவே சஷ்மிதாவின் புது ரிப்போர்ட்டும் போகும். தங்கையைக் கொடுத்தால் மனைவி பிழைப்பாள். கொடுக்கப்போகிறவள் மெர்லின். கேட்கப்போகிறவன் இதோ பக்கத்திலேயே நிற்கிறான்.

அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த அபிநயா, வலியைக் கடித்துக்கொண்டு தலையைத் திருப்பினாள்.

"ஏங்க, நீங்க போயி இளநி வாங்கிட்டு வாங்க. நாக்கு வறளுது."

இந்தத் தடவை அவன் போனான். வார்டுக் கதவு சாத்தும்வரை அவள் காத்திருந்தாள். மெர்லினுக்கு உள்ளே ஏதோ இடித்தது. அன்றைக்குக் கேட்ட இளநீரும் குடிப்பதற்காக இல்லை போலிருக்கிறது. குனிந்து, தாழ்ந்த குரலில், நான் இப்போது ஒன்று சொல்லப்போகிறேன், அது உங்கள் வீட்டு எண்ணுக்குப் போகும், சஷ்மிதாவுக்கு ஆபத்து என்றாள்.

"அந்த எண்ணுக்கு வர்றதெல்லாம் எனக்குத்தான் வரும்" என்றாள் அபிநயா. "ரேஷன் கார்டு, ஆதார், கரண்ட் பில்லு, எல்லாத்துக்கும் எம் போன்தான். அந்த மனுசனுக்கு அதெல்லாம் பாக்க நேரமேது? அன்னைக்கே வந்துச்சு. குழாய்ல கருன்னு எழுதியே வந்துச்சு. அழிச்சிட்டேன்."

அன்றைக்குத் துடித்த போன் மெர்லினுக்கு இப்போது ஞாபகம் வந்தது.

"மெஷின் வைக்காதீங்கன்னு சொன்னேன். அவரத் தள்ளிவிடப் பாத்தேன். நீங்க எங்கிட்ட என்னா ஏதுன்னு ஒரு வார்த்த கேக்கல. சரி, அவருக்காக ஒரு பொய் சொன்னீங்க. கோடிப் புண்ணியம். அவரு அந்தப் பக்கம் போனதும் உண்மையச் சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல? வந்தா எனக்குத்தான வந்திருக்கும்."

"நீங்க எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"வெளிய நில்லுன்னுதான சொன்னீங்க."

சஷ்மிதா இப்போது ஓசூரில் வேலையில் இருக்கிறாள், அனுப்பி வைத்ததே நான்தான் என்றும் அவள் சொன்னாள். அதற்குமேல் பேச முடியாமல் கண்ணை மூடிக்கொண்டாள். நகை, போன், பை எல்லாவற்றையும் கழற்றி வீட்டுக்காரரிடம் கொடுக்க வேண்டும் என்று ஞானம் சிஸ்டர் கையை நீட்டினார். அபிநயா தாலியைக் கழற்றிக் கொடுத்தாள். போனைக் கொடுக்கவில்லை. அதை மெர்லினின் கோட்டுப் பைக்குள் அவளே திணித்தாள்.

மெர்லின் கட்டைவிரலைப் பதித்தாள். வார்டு கேட்டால் கேட்கட்டும் என்று வந்துவிட்டது. பெயரைச் சொல்லவில்லை, அன்றைய தேதியை மட்டும் சொன்னாள். "நான் செய்த திருத்தம் பொய். அது கர்ப்பந்தான். குழாயில் இருந்தது. உன் படம் சரி" என்றாள். கோட்டுப் பைக்குள் போன் துடித்தது. கருவி ஒரு விநாடி யோசித்தது.

"நன்றி டாக்டர். கற்றுக்கொண்டேன்."

பச்சை அணைந்தது, சிவப்பு எரிந்தது, தியேட்டர் கதவு கடகடவென்று திறந்தது. அபிநயாவின் அடிவயிற்றின் மேல் சாம்பல் விழுந்தது. அந்த நேரம் பார்த்து இளநீரோடு உள்ளே வந்த செல்லப்பாண்டி அதைப் பார்த்துவிட்டான். முகமெல்லாம் சிரிப்பு. "முக்காடு விழுந்துருச்சு" என்று பக்கத்துக் கட்டில்காரரிடம் சொன்னான். தங்கைக்கு விழுந்தபோது கல்லாக நின்ற அதே ஆள். அந்தச் சிரிப்பை அவன் முகத்திலிருந்து துடைக்கிற வேலையும் மெர்லினுக்கே வந்தது. குழந்தை தங்கக் கூடாத இடத்தில் தங்கியிருக்கிறது, எடுக்காவிட்டால் மனைவி இருக்க மாட்டாள் என்றாள். இளநீர் கையிலேயே இருக்க, அவன் கட்டிலோடு கதவுவரை ஓடிவந்தான்.

திறந்தபோது வயிறு நிறைய ரத்தம். அந்த மெல்லிய கோடு ஸ்கேனை வைத்த நேரத்துக்குத்தான் மெல்லிய கோடு. வீட்டுக்கு அனுப்பியிருந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்திருக்கும். மெர்லின் கட்டினாள், தைத்தாள். அபிநயா பிழைத்தாள். இந்தத் தடவை வெட்டி எடுத்ததை ஆய்வகத்துக்கு அனுப்பினாள்.

வெளியே வந்ததும் செல்லப்பாண்டி கையெடுத்துக் கும்பிட்டான், உடனே சண்டைக்கும் வந்தான். முதலில் பச்சை, அப்புறம் சிவப்பு, இது என்ன மெஷின் என்றான். அன்றைக்கு என் தங்கச்சியைக் கேவலப்படுத்தியதும் இதே மெஷின்தானே, தூக்கி உடையுங்கள் இதை என்றான். தப்பு பண்ணிவிட்டது என்று மெர்லின் சொன்னாள்.

வார்டுக்குத் திரும்பினால் ஞானம் சிஸ்டர் கைஸ்கேனைத் தள்ளி வைத்துவிட்டு, அதைத் தொடப் பயந்தவர் மாதிரி நின்றார்.

"மேடம், அது உங்களத்தான் கூப்புடுது."

கருவி தன் டீச்சர் குரலில் விளக்கியது. தவறான பாடத்தை நம்பி இதே படத்தோடு பச்சை காட்டி வீட்டுக்கு அனுப்பிய பெண்களை இப்போது திருப்பிக் கூப்பிடுகிறதாம். பொய்த் திருத்தம் செய்தவர் கூடவே இருந்து கேட்க வேண்டும் என்பது விதியாம். கட்டைவிரலைப் பதிக்கச் சொன்னது. மெர்லின் பதித்தாள். மணி அடித்தது.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பெண் எடுத்தாள். அப்போதே சரியாகிவிட்டது, உண்மையிலேயே கட்டிதான், இப்போது எதற்குக் கேட்கிறீர்கள் என்று சலித்துக்கொண்டாள். அடுத்தவள் அன்றைக்கே மயங்கி விழுந்து வேறு ஆஸ்பத்திரியில் பிழைத்திருந்தாள். உங்களையெல்லாம் கோர்ட்டுக்கு இழுக்காமல் விடமாட்டேன் என்று கத்தினாள். அவள் கத்தக் கத்த மெர்லினுக்கு மூச்சு வந்தது. கத்தட்டும், உயிரோடு கத்தட்டும்.

மூன்றாவது எண்ணை யாரும் எடுக்கவில்லை. கருவி மறுபடியும் அடித்துப் பார்த்தது. பிறகு குடும்ப எண்ணுக்குப் போட்டது. ஓர் ஆண் எடுத்தான். கருவி அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லி, நலமாக இருக்கிறாரா என்று கேட்டது.

அந்தப் பக்கம் பாத்திரம் வைக்கிற ஓசை கேட்டது.

"யாரு பேசுறது? ஆஸ்பத்திரியா? வெறும் கட்டிதான், மாத்திரை போட்டுத் தூங்கச் சொல்லுங்கன்னு நீங்கதான அனுப்புனீங்க. தூங்குனா. எந்திரிக்கவே இல்ல."

மெர்லின் வாயைத் திறந்தாள். பேச வேண்டியது அவள்தான். ஆனால் அதற்குள் கருவி முந்திக்கொண்டது.

"தகவலுக்கு நன்றி. கற்றுக்கொண்டேன்" என்று சொல்லிவிட்டு, அடுத்த எண்ணுக்கு மணியடிக்கத் தொடங்கியது.